எண்ணூர் முகத்துவாரக்குப்பம்: நோட்டீஸ் கடற்கரை வரை வருமா?

சென்னை சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறி, எண்ணூரில் இறங்குங்கள். அங்கிருந்து கடலோரமாக வடக்கே போனால் தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் ஆகிய மீனவக் கிராமங்கள் இருக்கின்றன. முகத்துவாரக்குப்பத்துக்குப் பெயரிலேயே விலாசம் உண்டு. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் வாய்தான் முகத்துவாரம்.

இந்தப் பக்கம் படகுகளும் வலைகளும். மறுகரையில் வட சென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், காமராஜர் துறைமுகம். நடுவில் இருக்கும் கழிமுகத்தில்தான் இறாலும் நண்டும் மடவையும் பிடித்துப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. இத்தனை ஆலைகளுக்கு நடுவே வாழும் ஊருக்கு, பக்கத்தில் என்ன நடக்கிறது என்று யார் சொல்வது?

நகராட்சி இருந்த காலம்

2011 வரை இந்தப் பகுதிக்கு கத்திவாக்கம் நகராட்சி இருந்தது. அந்த ஆண்டு கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி உட்பட 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. உள்ளூரிலேயே கூடிய மன்றம் போய், ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ரிப்பன் மாளிகைதான் இவர்களுக்கும் மன்றம் என்றானது.

2016 இறுதியிலிருந்து 2022 வரை மாநகராட்சியில் கவுன்சிலர்களே இல்லை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதும், அதை வாளியால் அள்ளியதும் பலருக்கு நினைவிருக்கும். அப்போது மாநகராட்சியில் இந்த ஊருக்காகக் கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர் கிடையாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி பக்கமிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தில் படர்ந்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில், பெரியகுப்பம் அருகே உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் மூச்சுத்திணறி வீட்டை விட்டு ஓடினார்கள்.

அம்மோனியா நெடி வந்தால் ஈரத்துணியால் மூக்கை மூட வேண்டும். காற்று வாயுவைத் தள்ளிக்கொண்டு போகும் திசையில் ஓடக் கூடாது. இதைச் சொல்ல ஒரு பக்க நோட்டீஸ் போதும். வீட்டுக்கு ஒன்று கொடுத்து, மீன் இறங்கும் இடத்தில் ஒன்று ஒட்டினால் உயிர் பிழைக்க உதவும்.

தண்டோராவும் சட்டமும்

பெரிய ஆலை வருவதற்கு முன்னால் நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கை விதி வகுத்திருக்கிறது. குறைந்தது 30 நாள் முன்பே பத்திரிகையில் அறிவிக்க வேண்டும். திட்டத்தின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் கிடைக்க வேண்டும். பத்திரிகை போகாத இடங்களில் தண்டோரா போட்டுச் சொல்லலாம் என்றுகூட அதில் இருக்கிறது.

2024 டிசம்பரில் எண்ணூர் அனல்மின் நிலைய விரிவாக்கத்துக்காக எர்ணாவூரில் அப்படி ஒரு கூட்டம் நடந்தது. பலர் எழுந்து எதிர்த்துப் பேசினார்கள். விஷயம் முன்கூட்டியே தெரிந்தால்தானே வந்து பேச முடியும்?

நீங்களும் கேட்கலாம்

2022-ல் வந்த விதிகளின்படி நகரங்களில் கவுன்சிலர் தலைமையில் வார்டு குழுவும், அதன்கீழ் பகுதி சபைகளும் உண்டு. ஆண்டுக்கு நான்கு முறையாவது பகுதி சபை கூட வேண்டும். குடிநீர், தெருவிளக்கு மட்டுமல்ல. நிவாரணப் பட்டியல் எங்கே ஒட்டப்படும், ஆபத்து வந்தால் யார் எச்சரிப்பார்கள் என்பதையும் அங்கே கேட்கலாம்.

மீனவக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து இன்றும் உயிரோடு இருக்கிறது. மைக்கில் ஒரு வார்த்தை சொன்னால் ஊர் கூடிவிடும். அந்த மைக்குக்கு மாநகராட்சியின் தகவல் தமிழில், நேரத்தோடு வந்து சேர வேண்டும். முகத்துவாரக்குப்பம் போன்ற ஊர்களுக்கு வேண்டியது இதுதான். உங்கள் வார்டில் அடுத்த பகுதி சபை எப்போது என்று இன்றே உங்கள் கவுன்சிலரிடம் கேட்டுப் பாருங்களேன்!