பின் சீட்டில் இருந்தவருக்கு பாலிசி இல்லை!

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அந்த வீட்டுத் தறி மூன்று வாரமாக நிற்கிறது. கோர்வைச் சேலை நெய்ய இரண்டு பேர் வேண்டும். நெசவாளர் தறியில் உட்கார, ஒரு பக்கக் கரைக்கு நாடா போடுவது அவர் மனைவி. இப்போது மனைவியின் வலது கையில் மாவுக்கட்டு.

நெய்து முடித்த சேலையை முதலாளியிடம் கொடுக்க இருவரும் பைக்கில் கிளம்பியிருந்தார்கள். குறுக்கே ஓடிய நாய்க்காக அவர் சட்டென்று பிரேக் பிடிக்க, வண்டி சறுக்கி, நடந்துபோன ஒரு பெரியவரை இடித்தது. சேலைப் பை சேற்றில் விழுந்தது.

"கவலைப்படாதீங்க, இன்ஷூரன்ஸ்தான் இருக்கே" என்றார் மனைவி. வருடம் தவறாமல் கட்டிய பாலிசி. குடை மாதிரி எல்லோரையும் காக்கும் என்றுதான் இருவரும் நம்பியிருந்தார்கள்.

கல்லூரியில் படிக்கும் மகள் போனில் பாலிசியைத் திறந்து படித்தாள். "இது தேர்ட் பார்ட்டி மட்டும்தான்ப்பா."

அதாவது, அடிபட்ட பெரியவருக்கு இழப்பீடு உண்டு. காயம், உயிரிழப்புக்கு உச்சவரம்பு இல்லை; தொகையைத் தீர்ப்பாயம் முடிவு செய்யும். பிறர் பொருள் சேதமானால் பைக்குக்கு 1 லட்சம் ரூபாய் வரைதான். சொந்த வண்டிக்கும், கொண்டுபோன சேலைக்கும் ஒன்றும் கிடையாது. பின்னால் உட்கார்ந்த மனைவிக்கும் கிடையாது! சட்டப்படி கட்டாயமான இந்த அடிப்படைப் பாலிசியில் பின் சீட்டில் வருபவர் சேரமாட்டார் என்று 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டி ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்து கவரும் உயிரிழப்பு, நிரந்தர ஊனத்துக்கு மட்டுமே.

"ரோட்டுல போறவருக்கு உண்டு, எனக்கு இல்லையா?" மனைவி சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நெசவாளர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அமெரிக்காவில் 'அம்ப்ரெல்லா பாலிசி' என்றே ஒன்று உண்டு. கார், வீட்டு பாலிசிகளின் வரம்பு தீர்ந்த பிறகு கைகொடுக்கும். அதுவும் பிறருக்கு நாம் தரவேண்டிய இழப்பீட்டுக்குத்தான். நம் காயத்துக்கு அல்ல. எந்தக் குடைக்கும் ஓர் ஓரம் உண்டு.

அடுத்த மாதம் ரின்யூவல். இந்த முறை நெசவாளர் ஏஜென்டிடம் பிரீமியம் எவ்வளவு என்று முதலில் கேட்கவில்லை. "பின்னாடி உட்கார்றவங்களும் இதுல வருவாங்களா?" என்றார்.

"பேக்கேஜ் பாலிசி எடுத்தா வருவாங்க."

உங்கள் வண்டியின் பாலிசி எது? இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள்.