தோற்றவர்கள் கட்டிய வாடகை

லாஸ் வேகஸ் பழையதைச் சேர்த்துவைக்கும் ஊர் அல்ல. ஒரு விடுதிக்கு வயதாகிவிட்டால் வெடிவைத்துத் தகர்த்துவிடுவார்கள். அதையும் பலமுறை ராத்திரியில், வாணவேடிக்கையோடு, கூட்டம் கூட்டிச் செய்திருக்கிறார்கள். 1993-இல் டியூன்ஸ், 1996-இல் ஃபிராங்க் சினாட்ரா பாடிய சாண்ட்ஸ், 2007-இல் ஸ்டார்டஸ்ட், 2024 அக்டோபரில் டிராபிகானா என்று வரிசையாகப் போயின. ஐம்பது வயதைத் தாண்டுவதே அங்கே பெரிய விஷயம். அப்படிப்பட்ட ஊரில், ஃபிரீமான்ட் தெருவில், கதவிலக்கம் 1-இல், 1906-இல் திறந்த விடுதி ஒன்று இன்றும் அறை வாடகைக்கு விடுகிறது. பெயர் கோல்டன் கேட்.

மாப்பிள்ளைக்கு அந்த ஊரில் ஏதோ கருத்தரங்கு. குடும்பமாகப் போவதென்று முடிவாகி, ஸ்ட்ரிப் என்கிற பெரிய வீதியில் ஆயிரக்கணக்கான அறைகள் உள்ள ஒரு விடுதியில் இடம் பிடித்திருந்தார்கள். நானும் வீட்டுக்காரியும் மட்டும் தனியாக இந்தப் பழைய இடத்தில் தங்குகிறோம் என்றேன். "வேகஸ் வரைக்கும் வந்துட்டு லாட்ஜ்ல தங்குறேன்னு சொல்ற ஒரே ஆள் நீங்கதாம்ப்பா" என்றாள் மகள். அவள் சொன்னதில் தப்பில்லை. எனக்கு லாட்ஜ்தான் பிடிக்கும். பெரிய விடுதிகளில் அறைக்குப் போக வழி தெரியாமல் அரை கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கிறது.

இந்த ஊரே ஓர் ஏலத்தில் பிறந்தது. லாஸ் ஏஞ்சலஸையும் சால்ட் லேக் நகரத்தையும் இணைக்கும் ரயில் பாதையை மொன்டானாவைச் சேர்ந்த செனட்டர் வில்லியம் கிளார்க் போட்டார். நீராவி இன்ஜினுக்குத் தண்ணீர் வேண்டும். பாலைவனத்தில் ஊற்று இருந்தது இங்கே. ரயில் நிற்கும் இடம் என்றானதும், சுற்றியிருந்த மணல்காட்டை மனைகளாக அளந்து 1905 மே 15 அன்று கொளுத்தும் வெயிலில் ஏலம் விட்டார்கள். ஜான் மில்லர் என்பவர் ரயில் நிலையத்துக்கு நேர் எதிரே இருந்த மூலை மனையை 1,750 டாலருக்கு எடுத்தார். முதலில் கூடாரம் போட்டுத்தான் ஆட்களைத் தங்கவைத்தார். அடுத்த ஜனவரியில் ஹோட்டல் நெவாடா என்ற பெயரில் கட்டடம் திறந்துவிட்டது. அறை பத்தடிக்குப் பத்தடி, நாள் வாடகை ஒரு டாலர், மின்விளக்கு உண்டு. மறு வருஷம், 1907-இல், ஊரின் முதல் தொலைபேசி அங்கே வந்தது. எண் 1. இரண்டாவது எண் வருகிறவரை அதை வைத்துக்கொண்டு யாரிடம் பேசினார்களோ.

நான் வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஏலம், மனை, முதலீடு என்றால் காது தானாக நிமிரும். அதனால்தானோ என்னவோ, கீழே ஒளிர்ந்துகொண்டிருந்த ஸ்லாட் மெஷின்களைவிட இந்தக் கணக்குதான் எனக்கு ருசித்தது.

எங்களுக்குப் பழைய பகுதியில் அறை கிடைத்தது. சின்ன அறை, கட்டிலைச் சுற்றிக்கொண்டு போனால் ஜன்னல். "அலமாரியத் திறந்தா கட்டில்ல உட்காரணும், கட்டில்ல உட்கார்ந்தா அலமாரிய மூடணும்" என்று இவள் ஒரு தரம் செய்து பார்த்துக்கொண்டாள். வாரநாள் என்பதால் வாடகை, வரும் வழியில் பாலைவன நெடுஞ்சாலையோர மோட்டலில் கொடுத்ததைவிடக் குறைவு. அது எப்படிக் கட்டுப்படியாகிறது என்பதுதான் எனக்குள் குடைந்தது.

கட்டுப்படியாகும் வழியை அந்த விடுதியே மெல்லத்தான் கற்றுக்கொண்டது. 1910 அக்டோபர் முதல் நெவாடா மாநிலத்தில் சூதாட்டத்துக்குத் தடை. திறந்து ஐந்து வருஷம்கூட ஆகவில்லை, மேஜைகளை எடுத்துவிட வேண்டியதாயிற்று. இருபது வருஷம் அது வெறும் தங்கும் விடுதி. பிறகு பொருளாதாரம் படுத்தது. மாநிலத்துக்கு வருமானம் வேண்டியிருந்தது. 1931 மார்ச் 19 அன்று ஆளுநர் ஃபிரெட் பால்சர் சூதாட்டத்தை மறுபடி அனுமதிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதே நாளில் இன்னொன்றிலும் இட்டார்: நெவாடாவில் ஆறு வாரம் குடியிருந்தாலே விவாகரத்து வாங்கிக்கொள்ளலாம். இதை நான் படித்துச் சொன்னபோது இவள், "ரெண்டும் ஒண்ணுதானே, தனித்தனியா எதுக்குக் கையெழுத்து?" என்றாள்.

அந்த வருஷமே, ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, கொலராடோ ஆற்றின் குறுக்கே ஹூவர் அணை வேலையும் ஆரம்பம். ஆயிரக்கணக்கான தொழிலாளிகள். அவர்களுக்காக மத்திய அரசு போல்டர் சிட்டி என்று ஒரு ஊரையே கட்டியது. அங்கே மதுவும் கூடாது, சூதும் கூடாது. ஆகவே சம்பள நாளன்று ஆட்கள் வண்டி பிடித்து ஃபிரீமான்ட் தெருவுக்கு வந்தார்கள். அரசாங்கம் ஒரு கையால் பூட்டிய கதவை இன்னொரு கையால் திறந்துவைத்திருந்தது. எங்கள் விடுதியும் பெயரை மாற்றிக்கொண்டது: சால் சாகெவ். லாஸ் வேகஸ் என்பதை ஆங்கிலத்தில் பின்னாலிருந்து எழுதினால் அதுதான். 1955-இல் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்திலிருந்து இத்தாலிய வம்சாவளிக்காரர்கள் சிலர் கூட்டாக வந்து கீழ்த்தளத்தில் கோல்டன் கேட் கேசினோவைத் திறந்தார்கள். பின்னாளில் அந்தப் பெயரே விடுதி முழுவதற்கும் ஆயிற்று.

1955 என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்போது இந்த ஊரின் பெரிய விடுதிகளில் கறுப்பினத்தவர் தங்க முடியாது. சாமி டேவிஸ் ஜூனியர் போன்ற புகழ்பெற்றவர்களே மேடையில் பாடிவிட்டு, தூங்குவதற்கு ஊரின் மேற்குப் பகுதிக்குப் போக வேண்டியிருந்தது. எல்லா நிறத்தவரும் சேர்ந்து உட்காரும் முதல் பெரிய கேசினோவாக மூலான் ரூஜ் அந்த வருஷம்தான் அந்தப் பகுதியில் திறந்தது. சில மாதங்களிலேயே மூடியும்விட்டது. ஆனால் 1960 மார்ச்சில், விடுதிகளில் நிறப் பாகுபாட்டை முடிவுக்குக் கொண்டுவரும் உடன்பாடு அங்கே வைத்துத்தான் ஏற்பட்டது. பழமையைக் கொண்டாடும் இடங்களில் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் நிற்பேன். சுவரில் மாட்டியிருக்கும் பழைய படங்களில் யார் இருக்கிறார்கள் என்பதைவிட யார் இல்லை என்று பார்ப்பது என் வழக்கம்.

கோல்டன் கேட்டுக்குப் பெயர் வாங்கித் தந்தது சீட்டும் இல்லை, பகடையும் இல்லை, இறால். 1959-இல் அங்கே ஷ்ரிம்ப் காக்டெய்ல் அறிமுகமானது: காலுள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் குளிர்ந்த இறால், மேலே காரமான சிவப்புச் சட்னி. விலை 50 சென்ட். கடலே இல்லாத பாலைவனத்தில் இறால், அதுவும் அந்த விலைக்கு! முப்பது வருஷத்துக்கும் மேல் விலை ஏறவில்லை. 1991-இல்தான் 99 சென்ட் ஆனது. இதைத் தின்பதற்கென்றே வரிசையில் நின்ற காலத்தை, கலிஃபோர்னியாவிலிருந்து வருஷா வருஷம் வரும் ஒரு பெரியவர் கைகளை ஆட்டி விவரித்தார். சில வருஷங்கள் இன்னும் கொஞ்சம் விலை கூடி, 2017-இல் அது நின்றுபோயிற்று. நான் போனது அதற்குப் பிறகு. எனக்கு இறாலின் கதைதான் வாய்த்தது.

அந்த 50 சென்ட் எங்கிருந்து வந்தது? ரூலெட் மேஜைக்குப் பக்கத்தில் நின்று கணக்குப் போட்டேன். அமெரிக்கச் சக்கரத்தில் 38 குழிகள்: 1 முதல் 36 வரை, பிறகு ஒரு பூஜ்யம், ஒரு இரட்டைப் பூஜ்யம். ஓர் எண்ணில் கட்டி ஜெயித்தால் ஒன்றுக்கு முப்பத்தைந்து தருவார்கள். நியாயமாகத் தர வேண்டியது முப்பத்தேழு. அந்த இரண்டு பூஜ்யத்தில்தான் முதலாளி உட்கார்ந்திருக்கிறார். கட்டும் ஒவ்வொரு டாலரிலும் சராசரியாக 5.26 சென்ட் அவருக்கு. ஒருவர் ஜெயிக்கலாம், ஒருவர் தோற்கலாம். மேஜையில் மொத்தம் பத்து டாலர் புரண்டால் ஐம்பது சென்ட்டுக்குச் சற்று மேல் முதலாளிக்கு வந்துவிடும். ஒரு கிண்ணம் இறாலின் விலை சரியாகப் போயிற்று. நாள்பூராச் சுற்றும் சக்கரத்துக்கு எத்தனை கிண்ணம்! அந்தக் கட்டடத்தில் சூதாடாத ஒரே ஆசாமி அந்த முதலாளிதான். அவர் செய்வது எங்கள் தொழில்: சின்ன சதவீதம், பெரிய புழக்கம், நிறையப் பொறுமை. கூண்டு என்று அவர்கள் சொல்லும் காசாளர் ஜன்னலில் ஓர் இளம்பெண், நோட்டுகளைக் கேமராவுக்குத் தெரியும்படி விசிறியாக விரித்து எண்ணிய அழகைப் பார்த்து, எனக்குப் பழைய கவுன்ட்டர் ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். காவலாளி ஒரு பார்வை பார்த்தார். நகர்ந்தேன்.

பெரிய கேசினோவில் இந்தக் கணக்கு கணக்காகவே இருந்துவிடும். ஐயாயிரம் பேரில் யார் தோற்றார்கள் என்று யாருக்குத் தெரியும்? சின்ன விடுதியில் தோற்றவரோடு லிஃப்டில் போக வேண்டியிருக்கிறது. நாங்கள் ராத்திரி மேலே போகும்போது மாடிக்குப் போகும் வழியருகே ஒரு ஸ்லாட் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள், காலையில் காபிக்கு இறங்கும்போதும் அதே இடத்தில் இருந்தார். எழுபது வயது இருக்கும். இவளைப் பார்த்துச் சிரித்து, புடவையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். அப்படித்தான் பழக்கம். அரிசோனாவில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவராம். மெஷினில் நூறு டாலர் போட்டால் தொண்ணூறு சொச்சம் திரும்பி வரும், அதைத் திரும்பப் போட வேண்டும், அதில் ஒரு பங்கு போகும், இப்படியே தீரும் என்று என்னைவிடத் தெளிவாகச் சொன்னார். "அப்புறம் ஏன்?" என்று நான் கேட்கவில்லை, என் முகம் கேட்டிருக்கும். தன் சகோதரி கப்பலில் உல்லாசப் பயணம் போகிறாள், அவளும் ஒன்றும் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவதில்லையே என்றார்.

பதில் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு முழுதாக இறங்கவில்லை. வங்கியில் நகைக்கடன் பிரிவில் இருந்தபோது ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். வளையலைக் கழற்றும்போது சிலர் காரணம் சொல்வார்கள். சொல்லாதவர்களின் காரணம் ஊருக்கே தெரிந்திருக்கும். கிளப்பில் மூணு சீட்டு. அப்புறம் லாட்டரி, 2003-இல் தமிழ்நாட்டில் அதைத் தடை செய்கிறவரை, பேருந்து நிலையத்தில் கோர்த்துத் தொங்கவிட்ட சீட்டுகளுக்கு முன்னால் கூட்டம் கலையாது. அதற்கப்புறம் செல்போனில் ரம்மி. அந்தப் பெண்கள் யாரும் கப்பலில் போனவர்களின் தமக்கைகள் அல்ல. அரிசோனா அம்மாளுக்கு ஓய்வூதியம் இருந்தது, எல்லை இருந்தது, எழுந்து போகத் தெரிந்திருந்தது. அந்தக் கீழ்த்தளத்தில் இருந்த எல்லாருக்கும் அது இருந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. எல்லை இல்லாதவர்தான் வியாபாரத்துக்கு நல்ல வாடிக்கையாளர் என்பது மட்டும் தெரியும். கடன் கொடுத்தே தேய்ந்த கைக்கு இது தெரியாமல் போகுமா?

ராத்திரி படுத்திருக்கும்போது மேலே ஜிவ்வென்று ஒரு சத்தம் கேட்கும். தெருவுக்கு 1995-இல் நாலு வீதி நீளத்துக்குக் கூரை போட்டு, அதில் ஒளிப்படம் ஓட்டுகிறார்கள். அந்தக் கூரைக்கடியில் கம்பியில் கவிழ்ந்து தொங்கியபடி ஆட்கள் பறந்துவந்து எங்கள் விடுதி ஓரமாக முடிகிறார்கள். பக்கத்தில் இன்னும் சரக்கு ரயில் போகிறது. மில்லர் மனை வாங்கக் காரணமான அதே தடம். பத்தடி அறையில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நான் சௌக்கியமாகத்தான் தூங்கினேன். இந்த மெத்தைக்குப் பாதிப் பணம் கீழே யாரோ கட்டுகிறார்கள் என்று இவளிடம் சொன்னேன். "மீதிப் பாதி நம்ம மாப்பிள்ளை கட்டுறார், தூங்குங்க" என்றாள்.

அந்தக் காலமும் போய்க்கொண்டிருக்கிறது என்கிறார்கள். ஸ்ட்ரிப்பின் பெரிய விடுதிகளுக்கு இப்போது சூதாட்டத்தைவிட அறையிலும் சாப்பாட்டிலும் கச்சேரியிலும்தான் அதிக வருமானம். முன்பு இலவசமாகக் கொடுத்ததற்கெல்லாம் விலை போட்டுவிட்டார்கள். காரை நிறுத்தக்கூடப் பல இடங்களில் காசு. தோற்கிறவர் மட்டும் தாங்கிய பாரத்தை இப்போது வருகிறவர் எல்லாரும் பங்கு போட்டுக்கொள்கிறோம். அதை நியாயம் என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் சக்கரத்தின் இரட்டைப் பூஜ்யத்தை யாரும் எடுத்துவிடவில்லை. சில மேஜைகளில் மூன்றாவது பூஜ்யமும் சேர்ந்து, டாலருக்கு 7.69 சென்ட்டாக ஆகியிருக்கிறது.

கிளம்பிய அன்று மாப்பிள்ளை அணையைக் காட்டிவிட்டு போல்டர் சிட்டியில் வண்டியை நிறுத்தினார். குடிக்கத் தடை எப்போதோ நீங்கிவிட்டது. சூதாட்டம் இன்றும் அங்கே கூடாது. 1933-இல் கட்டிய போல்டர் டேம் ஹோட்டல் இருக்கிறது. பழைய விடுதிதான், சின்ன விடுதிதான், கேசினோ மட்டும் இல்லை. சாலையோரமாக ஒரு கடையில் சாப்பிட்டோம். பில் வந்ததும் மகள் வாங்கிப் பார்த்து, "என்னப்பா, இந்தச் சின்ன ஊர்ல இவ்வளவா?" என்றாள். இங்கே நமக்காகத் தோற்க ஆள் கிடையாதும்மா, நாம் தின்றதை நாமேதான் கொடுக்க வேண்டும் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். ரூலெட், 38 குழி, 5.26 என்று வரும்போதே இவள் குறுக்கிட்டாள்.

"மாப்பிள்ள, டிப்ஸ் எவ்வளவுங்க வைக்கணும்?"