சூசை என்றால் 'சூசா'வா?

உங்கள் தோட்டத்திலும் ஒரு சூசை இருந்திருப்பார். பக்கத்து லயத்தில் ஒரு சூசையம்மாள் இருந்திருப்பார். அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று எப்போதாவது கேட்டதுண்டா? நானும் நெடுநாள் கேட்கவில்லை.

என் தகப்பனார் பெயர் சூசை. பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். இடைநிலைப்பள்ளியில் என் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்து வாசிக்கும்போதெல்லாம் பின்வரிசையில் சிரிப்பு எழும். மலாயில் 'சூசா' என்றால் கஷ்டம் அல்லவா? 'கஷ்டத்தின் மகன்' என்றே எனக்குப் பட்டம் கட்டிவிட்டார்கள்.

ஒருநாள் ஆத்திரத்தில், "உங்களுக்கு வேறு நல்ல பெயர் கிடைக்கவில்லையா, அப்பா?" என்று கேட்டுவிட்டேன். கத்தி தீட்டிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல், "உன் தாத்தா வைத்தது, ஐயா" என்றார். அவ்வளவுதான்.

அண்மையில் என் மகனுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பெரியவர் பெயரை வைப்போம் என்றாள் என் மனைவி. மகனோ, "அப்பா பட்டது போதாதா? இவனும் படவேண்டுமா?" என்றான். அப்போதுதான் புத்தகங்களைத் தேடி எடுத்தேன்.

சூசை என்பது யூதர்களின் எபிரேய மொழிப் பெயர். மூலம் யோசேப்பு. நெடுங்காலம் பிள்ளையில்லாதிருந்த ராகேல், மகன் பிறந்ததும், கடவுள் இன்னொரு மகனையும் கூட்டித் தரட்டும் என்று வேண்டி வைத்த பெயர். 'அவர் கூட்டித் தருவார்' என்பதே பொருள். போர்த்துகீசியர் வாயில் அது ஜோசே ஆயிற்று. 16ஆம் நூற்றாண்டில் அவர்கள் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, நம்மவர் நாவில் சூசை ஆயிற்று. சந்தியாகுவும் அப்படி வந்ததுதான், அது யாக்கோபு.

மலாய்க்காரர் யூசோப் என்பதும் இதே பெயர். திருக்குர்ஆனின் 12ஆம் அத்தியாயத்துக்கு அந்தப் பெயர்தான். என்னைப் பார்த்துச் சிரித்தவர்களில் ஒருவன் பெயர் யூசோப்! அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இன்னொன்றும் கேளுங்கள். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவரின் சொந்தப் பெயரிலும் யோசேப்பு உண்டு. மரியாளின் கணவரான சூசையப்பரைத் தலைவனாக வைத்து, 18ஆம் நூற்றாண்டில் 'தேம்பாவணி' என்ற காப்பியத்தைப் பாடினார், 3,615 பாடல்கள். அதில் சூசையப்பருக்கு அவர் இட்ட தமிழ்ப் பெயர் வளன். கூடுவது, பெருகுவது வளம்தானே!

கஷ்டம் என்று நான் வெட்கப்பட்ட பெயருக்கு வளம் என்று பொருள்! இதை மகனிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அப்படியானால் வளன் என்றே வைப்போம், அப்பா" என்றான். பிறப்புப் பத்திரத்தில் அப்படியே எழுதினோம்.

மார்ச் 19, சூசையப்பர் திருநாளன்று, பேரனைத் தூக்கிக்கொண்டு என் தகப்பனார் கல்லறைக்குப் போனேன். அன்று கேட்ட கேள்விக்கு மன்னிப்புக் கேட்டேன். பதில் சொல்ல அவர் இல்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் பெயரின் கதையைக் கேட்டு வையுங்கள். பேரன் என்றாலே பெயரன்தானே!