பார்மா வாலபி: சில குறிப்புகள்

நிமிர்ந்து உட்கார்ந்தால் ஒன்றரை அடி. எடை 6 கிலோவைத் தாண்டாது. கங்காரு குடும்பம்தான், ஆனால் கைக்குள் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

தொண்டை வெள்ளை. கன்னத்தில் ஒரு வெள்ளைக் கோடு. முதுகில் ஒரு கருங்கோடு, பாதியில் நின்றுவிடுகிறது.

தத்தும்போது உடம்பு தரையோடு தாழ்ந்திருக்கும். வால் லேசாக மேல்நோக்கி வளையும். படங்களில் இது சரியாக வருவதே இல்லை.

ஊர்: ஆஸ்திரேலியா, நியூ சவுத் வேல்ஸின் கிழக்குக் கரையோரக் காடுகள். பகல் முழுக்கப் புதருக்குள். இரவில்தான் புல் மேய வரும்.

1846-இல் பெயர் வைத்தார் விலங்கியலாளர் வாட்டர்ஹவுஸ். பிறகு காடு போயிற்று, நரி வந்தது. இனமே அற்றுப்போனது என்று எழுதிவிட்டார்கள்.

சர் ஜார்ஜ் கிரே. நியூசிலாந்தின் ஆளுநர். 1862-இல் அங்குள்ள காவாவ் தீவை விலைக்கு வாங்குகிறார். வாலபிகள், வரிக்குதிரைகள், குக்கபரா பறவைகள், எல்லாம் கப்பலில். பணமும் தீவும் இருந்தால் மனிதனுக்கு என்னென்னவோ தோன்றுகிறது.

வரிக்குதிரை மிஞ்சவில்லை. குக்கபரா இன்றும் உண்டு.

வாலபி பெருகியது. மரக்கன்றுகளைக் கடித்தது. சுட்டார்கள், விஷம் வைத்தார்கள்.

1965. கொன்றுகொண்டிருந்தவற்றில் ஒரு வகை பார்மா என்று தெரியவருகிறது.

கொல்வது நின்றது. பிடிப்பது தொடங்கியது. உலகத்து மிருகக்காட்சிசாலைகளுக்கெல்லாம் கூண்டுகள் போயின.

1967. சொந்த ஊரிலேயே, காஸ்ஃபர்டுக்குப் பக்கத்துக் காட்டில், பார்மா. யாரும் கொண்டுவந்து விட்டதல்ல. அது பாட்டுக்கு இருந்திருக்கிறது.

பிறகு தீவிலிருந்து கொண்டுபோய் ஆஸ்திரேலியாவில் விட்டுப் பார்த்தார்கள். ஒரு முயற்சியில் நரி தின்றுவிட்டது. நரியே இல்லாத தீவில் பல தலைமுறை வாழ்ந்தவை. நரியைக் கண்டால் என்ன செய்வதென்று அவற்றுக்கு யார் சொல்லித்தருவது?

குட்டி சுமார் 30 வாரம் பையில். அடுத்த கரு வளராமல் கருப்பைக்குள் காத்திருக்கக் கூடும். முன்னது பையை விட்டால்தான் அதற்கு வழி. நெருக்கடியான வீடு.

காவாவில் இன்னொரு வகையும் உண்டு: டாமர். தெற்கு ஆஸ்திரேலியாவின் பெருநிலத்தில் அற்றுப்போன அதே கிளை. 2003-இல் அங்கிருந்து பிடித்து ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதைப் பார்க்கக் கிரே இல்லை, 1898-இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

காவாவில் வாலபி இன்னமும் ஒழிக்கவேண்டிய பிராணிதான். கடல் தாண்டி நியூ சவுத் வேல்ஸில், பார்மா சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது.