வாடகை தராத குடித்தனக்காரி

வியாதிகளில் கௌரவமானவை, கௌரவமற்றவை என்று இரண்டு வகை உண்டு. தலைவலி மிகவும் கௌரவமானது, மந்திரிகளுக்கும் வருகிறது. காலில் கட்டுப் போட்டுக்கொண்டு போனால் டில்லி பஸ்ஸில்கூட எழுந்து இடம் கொடுக்கிறார்கள். எனக்கு வாய்த்த வலியோ, சபையில் பெயர் சொல்ல முடியாத இடத்தில் வந்து குடியேறிவிட்டது. ஐந்து வருஷம் ஆகிறது. வாடகையும் தருவதில்லை; காலி செய்யவும் மறுக்கிறது.

"எங்கே வலி?" என்று கேட்பவர்களுக்கு நம் வீட்டுப் பெண்கள் சொல்லக்கூடிய விடை ஒன்றுதான்: "வயிற்று வலி." இந்த விடையின் பலனாக நான் குடித்த ஓமக் கஷாயமும் பெருங்காய மோரும் கொஞ்சநஞ்சமல்ல. என் வயிறு இன்று கல்லையும் ஜீரணிக்கும். வலி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

வலி என்பதைவிட எரிச்சல் என்று சொல்லலாம். மிளகாய் அரைத்த கை பட்டாற்போல் இருக்கும். உட்கார்ந்தால் அதிகமாகும். மாணவிக்கு உட்காருவதைத் தவிர வேறு உத்தியோகம் ஏது? ஆகவே கருத்தரங்குகளில் பின்சுவர் ஓரமாக நின்றுகொண்டே கேட்பேன். "இந்தப் பெண்ணுக்குத்தான் எவ்வளவு சிரத்தை!" என்று பேராசிரியர் ஒருவர் வியந்தார். ஊருக்குப் போவதென்றால் ரயிலில் 2,000 கிலோமீட்டருக்கு மேல். கீழ் பெர்த்தை யாராவது ஒரு பாட்டிக்குத் தானம் செய்துவிட்டு, மேலே ஏறிப் படுத்துவிடுவேன். இப்படிச் சேர்த்த ஆசீர்வாதம் ஏழு ஜன்மத்துக்குப் போதும்.

வைத்தியர்களிடம் போகாமல் இல்லை. முதல் டாக்டர் எல்லாச் சோதனைகளும் செய்தார். எல்லாவற்றிலும் 'நார்மல்'. பரீட்சையில்கூட நான் இத்தனை பாடங்களில் ஒரே தடவையில் தேறியதில்லை. இரண்டாமவர், "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்றார். மருந்துச் சீட்டில் மாப்பிள்ளையின் விலாசத்தை மட்டும் எழுத மறந்துவிட்டார். இந்த வலி உள்ளவர்களுக்குத் தாம்பத்தியமே பெரும் வேதனையாகிவிடுவது உண்டு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். மூன்றாமவர், "எல்லாம் மனப்பிரமை" என்று முடித்துவிட்டார். அன்று விடுதிக்குத் திரும்பி வெகுநேரம் அழுதேன். பிரமைக்கு அழுகை வருமா என்று அவரைக் கேட்டிருக்கலாம்.

நான்காவதாக ஓர் அம்மாள். பஞ்சு சுற்றிய குச்சியால் லேசாகத் தொட்டு, "இங்கே வலிக்கிறதா?" என்று கேட்டார். நான் துள்ளிய துள்ளலே பதில். "இதற்கு வல்வோடினியா என்று பெயர்" என்றார். பாதி லத்தீன், பாதி கிரேக்கம். அர்த்தம் என்னவென்றால், 'அந்த இடத்தில் வலி'! நான் ஐந்து வருஷமாகச் சொல்லிவந்ததைக் கிரேக்கத்தில் மொழிபெயர்க்கப் பீஸ் கொடுத்திருக்கிறேன். 2015-இல் வைத்திய சங்கங்கள் சில கூடி இதற்கு ஓர் இலக்கணமும் வகுத்தன: மூன்று மாதமாவது நீடித்திருக்க வேண்டும், தெளிவான காரணம் அகப்படக் கூடாது. அதாவது, காரணம் தெரியாது என்பதே இதன் லட்சணம்!

இருந்தாலும் அந்தப் பெயர் எனக்குப் பெரிய ஆறுதல். நெருப்பு இல்லாமலே அபாய மணி அடிப்பதுபோல் நரம்புகள் அடித்துக்கொள்ளலாம். வலிக்குப் பயந்து இடுப்புக்குழியின் தசைகள் இறுகிப்போகலாம் என்று டாக்டர் விளக்கினார். தசையைத் தளர்த்தப் பயிற்சி. நரம்புக்குச் சிறு அளவில் அமிட்ரிப்டிலின். அது மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மருந்தாதலால், மருந்துக் கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, பாக்கிச் சில்லறையோடு ஒரு சாக்லேட்டும் கொடுத்தார். இப்போது குடித்தனக்காரி வீடு முழுவதையும் விட்டு ஓர் அறையில் ஒதுங்கியிருக்கிறாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து படிக்க முடிகிறது.

சென்ற விடுமுறையில் அம்மாவிடம் இடத்தின் பெயரோடு விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"உன் பாட்டி உட்காரவே மாட்டாளேடி! நின்னுண்டேதான் சாப்பிடுவாள். சுறுசுறுப்புன்னு ஊரே மெச்சித்து. ஏன்னு ஒருத்தரும் கேட்டதில்லை."

பாட்டிக்கு என்ன இருந்ததோ, இனிக் கேட்க வழியில்லை. ஆனால் சகோதரிகளே, உங்கள் வகுப்பில் யாராவது ஒருத்தி சுவரோரம் நின்றுகொண்டே பாடம் கேட்டால், சிரத்தையை மெச்சுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.