375 கிலோமீட்டர்

அலாஸ்காவின் நோம் விமான நிலையத்துக்கும் ரஷ்யாவின் சுகோத்காவில் உள்ள புரோவிதேனியா விமான நிலையத்துக்கும் இடையே சுமார் 375 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்குக் காரில் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். நடுவில் பெரிங் கடல்.

வேலை முடிந்து வந்த இரவுகளில் இப்படித் தூரங்களைக் கணக்குப் போடுவது எனக்கு ஒரு பைத்தியம். அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கொடுத்தால் சூத்திரம் பதில் சொல்லிவிடும். பூமி ஓர் உருண்டை என்பதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது.

மணிக்கு 450 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சிறு விமானம் பறந்தால் ஐம்பது நிமிடம். கடிகாரம் சொல்வது வேற கதை. வழியில் தேதிக் கோடு இருக்கிறது. குளிர்காலத்தில் நேர வித்தியாசம் 21 மணி. நோமில் திங்கள் காலை பத்துக்கு ஏறினால் செவ்வாய் காலை 7.50க்கு இறங்கலாம். செவ்வாய் மதியம் திரும்பக் கிளம்பினால் திங்கள் மாலைக்குள் நோமில் இருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். இரு கரைகளிலும் யூபிக் மக்கள் வாழ்கிறார்கள்; ஒரே மொழி, ஒரே குடும்பங்கள். 1948இல் எல்லையை மூடினார்கள். நாற்பது வருடம் கழித்து, 1988 ஜூன் 13 அன்று, அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்று நோமிலிருந்து புரோவிதேனியாவுக்குப் பறந்தது. பயணம் ஒரு மணி நேரம்கூட இல்லை. அந்த ஒரு மணி நேரத்துக்காகக் காத்திருந்தவர்களில் எத்தனை பேர் அதற்குள் கிழவர்களாகியிருப்பார்கள்!

பாட்டியிடம் இதைச் சொன்னேன். அவருடைய அண்ணன் சிவப்பு ஐசிக்காரர். 1969 கலவரத்துக்குப் பிறகு வேலை பெர்மிட் கிடைக்காமல் தோட்டத்தை விட்டுக் கப்பலேறியவர். அண்ணன் தங்கை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளவே இல்லை. "இப்ப சென்னைக்கு நாலு மணி நேரம்தான் பாட்டி" என்றேன். "அண்ணன் இருந்தப்ப எத்தன மணி நேரம்?" என்று கேட்டார். விமானம் அப்போதும் இருந்தது. டிக்கெட் காசுதான் இல்லை.

2022க்குப் பிறகு அமெரிக்காவும் ரஷ்யாவும் ஒன்றின் விமானங்களுக்கு மற்றொன்று வான்வெளியை அடைத்துவிட்டன. இன்று நோமிலிருந்து போக வேண்டுமென்றால் ஆங்கரேஜ், சியாட்டில், இஸ்தான்புல், மாஸ்கோ, அனாதிர், பிறகு புரோவிதேனியா. கூட்டிப் பார்த்தேன்: 21,000 கிலோமீட்டருக்கு மேல். விசாவோடு எல்லைப் பகுதி அனுமதியும் வேண்டும். அனாதிரில் மூடுபனி இறங்கினால் எத்தனை நாள் உட்கார வேண்டுமோ, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பெரிங் கடலில் செயின்ட் லாரன்ஸ் என்றொரு தீவு. அமெரிக்காவுக்குச் சொந்தம். அங்கே காம்பெல் என்ற யூபிக் கிராமத்திலிருந்து எதிர்க்கரை அறுபது கிலோமீட்டர்கூட இல்லை. வானம் தெளிந்த நாளில் சுகோத்காவின் மலைகள் கண்ணுக்குத் தெரியும். அங்கே அப்போது மறுநாள்.