ஒரு சாண் டெரிலின்

2024 அக்டோபர் முதல் வாரத்தில் தமிழ்நாடே ஓர் உடற்கூற்றுப் பாடத்தைக் கற்றுக்கொண்டது. செப்டம்பர் 30 அன்று ரஜினிகாந்த் சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இதயத்திலிருந்து புறப்படும் பெருங்குழாயில் வீக்கம் இருந்ததாகவும், நெஞ்சைத் திறக்காமலே வடிகுழாய் வழியாக மருத்துவர் சாய் சதீஷ் அங்கே ஸ்டென்ட் பொருத்தி வீக்கத்தை அடைத்துவிட்டதாகவும் மருத்துவமனையின் அறிக்கை சொன்னது. எழுபத்து மூன்று வயது மனிதர் சில நாட்களில் வீடு திரும்பினார். 'வேட்டையன்' அக்டோபர் 10 அன்று குறித்தபடி வெளியாயிற்று. மறு ஆண்டு 'கூலி'யும் வந்தது. அந்த நோயின் பெயர் எங்கள் ஊரில் யாருக்கும் நினைவில்லை. 'ரஜினிக்கு வந்தது' என்றால் போதும், எல்லோருக்கும் விளங்கும். அதனால் நேர்ந்த ஒரு தொல்லையும் உண்டு. அது மூன்று நாளில் சரியாகிவிடுகிற சங்கதி என்றும் எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

என் பெரியப்பாவுக்கு வந்திருப்பதும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான். இடம் வேறு, அவ்வளவே. அவருக்கு எழுபத்து நான்கு வயது. சேத்தூரில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தையற்காரர். சிறுநீர்த் தொந்தரவுக்காக ராஜபாளையத்தில் வயிற்றை ஸ்கேன் எடுத்தபோது, தேடாத ஒன்று தென்பட்டது. வயிற்றின் ஊடாகக் கீழே இறங்கும் பெருநாடி ஓரிடத்தில் 5.8 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பருத்திருந்தது. இயல்பாக அது இரண்டு சென்டிமீட்டரை ஒட்டி இருக்கவேண்டும். மூன்றைத் தொட்டால் அதை வீக்கம் என்று குறிக்கிறார்கள்; ஆண்களுக்கு ஐந்தரையை எட்டினால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, பசி குறையவில்லை. நாற்பது ஆண்டுகள் பிடித்த பீடிக்கும் இதற்கும் உறவுண்டு என்று மருத்துவர் சொன்னபோது மட்டும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தமிழ் வகுப்பெடுப்பவன் என்பதால் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பெருநாடி, பெருந்தமனி, மகாதமனி என்று இதற்கு மூன்று நான்கு பெயர்கள் புழங்குகின்றன. எனக்குப் பிடித்தது 'நாளம்'தான். உள்ளே துளையுள்ள பூந்தண்டுக்கு அது பெயர்; தாமரைத் தண்டை ஒடித்துப் பார்த்தவர்களுக்கு இரத்தக்குழாயை விளக்கவே தேவையில்லை. 'நாடி' என்றதும் பெரியப்பாவுக்கு நினைவு வந்தது மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்க்கும் சித்த வைத்தியர். "நாடி துடிக்கும்யா, அது எப்பிடி வீங்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வழக்கில் துடிப்புக்குப் பெயராகிவிட்ட சொல்லைக் கலைச்சொல்லாக்கும்போது குழாய்க்குச் சூட்டிவிட்டோம்.

வீங்கிய குழாய் மேலும் மேலும் ஏன் வீங்குகிறது என்பது பலூன் ஊதிய எந்தக் குழந்தைக்கும் தெரியும். முதல் மூச்சுக்குத்தான் கன்னம் வலிக்கும். ஓரளவு விரிந்தபின் தானாகப் பெருக்கும். உள்ளழுத்தம் மாறாவிட்டாலும் குழாய் அகன்றால் அதன் சுவர் தாங்கவேண்டிய இழுவிசை கூடும் என்பது லாப்லாஸ் பெயரில் வழங்கும் விதி. ஆகவே பெரிய வீக்கம் சிறிய வீக்கத்தைவிட வேகமாக வளரும். வெடித்தால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. பலர் மருத்துவமனை வாசலையே காண்பதில்லை. சேத்தூரிலிருந்து இந்த அறுவையைச் செய்யக்கூடிய இடம் மதுரை. நள்ளிரவில் வண்டி கிடைத்தாலும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. மேற்கே தொடர்ச்சி மலையும் கண்மாய்களும் தென்னந்தோப்புகளுமாக, ஊர் இருக்க இனிமையான ஊர்தான். ஆனால் பெருநாடி வெடிப்பதற்கு ஏற்ற இடமல்ல.

அறுவை வேண்டாம் என்று இருந்துவிட்டால் என்ன ஆகும்? 2002இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. அறுவையை மறுத்தவர்களையும் அதற்குத் தகுதியற்றவர்களையும் தொடர்ந்து கவனித்தார்கள். ஐந்தரையிலிருந்து ஆறுக்குள் வீக்கம் இருந்தவர்களில் ஓராண்டுக்குள் வெடித்தது நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பேருக்கு. ஏழைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு முப்பதுக்கு மேல். அறுவையின் கணக்கு வேறு. 2004இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஒப்பாய்வில், வயிற்றைத் திறந்து செய்தவர்களில் முதல் முப்பது நாளில் இறந்தோர் நூற்றுக்கு 4.7; தொடைவழிக் குழாய் மூலம் செய்தவர்களில் 1.7. பின்னாளில், ஆண்டுகள் செல்லச் செல்ல, இந்த வேறுபாடு கரைந்துபோனதையும் அதே ஆய்வு காட்டியது. குழாய்வழிச் சிகிச்சை பெற்றவர் வாழ்நாள் முழுவதும் ஸ்கேன் எடுத்துச் சரிபார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

இந்த எண்களைத் தாளில் எழுதிப் பெரியப்பாவிடம் காட்டினேன். ஒன்பது பெரிது, ஐந்து சிறிது என்பது கணக்கு. ஆனால் அந்த ஒன்பது ஓர் ஆண்டின் மீது பரவிக் கிடக்கிறது, இந்த ஐந்து ஒரு மாதத்தில் வந்து நிற்கிறது. எழுபத்து நான்கு வயதில் ஓர் ஆண்டு என்பது பெரிய சொத்து. இதைக் கணக்கால் தீர்க்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. மருத்துவர்களும் அப்படி நினைப்பதாகத் தெரியவில்லை. எண்ணைச் சொல்லிவிட்டு முகத்தைப் பார்க்கிறார்கள்.

ரஜினி வழி கிடைக்குமா என்பதே வீட்டில் எல்லோருடைய கேள்வியும். கிடைக்காது என்றார் மதுரை மருத்துவர். சிறுநீரகங்களுக்குப் போகும் கிளைகள் பிரிந்த இடத்துக்குக் கீழே, வீக்கம் தொடங்கும் முன்பு, ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்காவது நல்ல குழாய் வேண்டும். அங்கேதான் உள்ளே செலுத்தும் குழாய் கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும். பெரியப்பாவுக்கு அந்தக் கழுத்துப் பகுதி குட்டையாகவும் வளைந்தும் இருக்கிறது. கிளைகளுக்குத் துளைவிட்டுத் தனியாகச் செய்துதரும் குழாய்களும் உண்டு. அவற்றின் விலை எங்களுக்கு எட்டாதது. ஆகவே திறந்த அறுவைதான்.

அப்போதுதான் அவர் முதல்முறையாக ஆர்வத்துடன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏய்யா, உள்ள வைக்கிறது என்ன துணின்னு கேட்டியா?"

பாலியெஸ்டர் துணி. மருத்துவர்கள் டாக்ரான் என்பார்கள். 1941இல் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டு டெரிலின் என்று பெயர் பெற்ற அதே இழை, அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் கையில் டாக்ரான் ஆயிற்று. இதைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். எழுபதுகளில் கல்யாண மாப்பிள்ளைகளுக்கு டெரிலின் சட்டை தைத்தே கடையை நிலைநிறுத்தியவர் அவர். கசங்காது, சாயம் போகாது, வேர்வையை மட்டும் உறிஞ்சாது என்பது அதைப் பற்றிய அவரது நெடுநாள் தீர்ப்பு.

அந்தத் துணி உடலுக்குள் போன கதையைச் சொன்னேன். ஹூஸ்டனில் இருந்த மைக்கேல் டிபேக்கி என்ற அறுவை மருத்துவர் லெபனானிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். தாயிடம் சிறுவயதிலேயே தையல் கற்றவர். ஐம்பதுகளின் தொடக்கத்தில், கெட்டுப்போன இரத்தக்குழாய்க்கு இறந்தவர்களின் குழாயை எடுத்து ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில், செயற்கைக் குழாய் செய்ய நைலான் வாங்கலாம் என்று துணிக்கடைக்குப் போனார். நைலான் தீர்ந்துவிட்டது, புதிதாக வந்த டாக்ரான் இருக்கிறது என்றார்கள். அதை வாங்கிவந்து, மனைவியின் தையல் இயந்திரத்தில் தாமே குழாயாகத் தைத்தார். நைலான் உடலுக்குள் நாளடைவில் நலிந்துபோகும் என்பதும் டாக்ரான் நிலைத்து நிற்கும் என்பதும் பின்னால் தெரியவந்தவை. கடையில் சரக்குத் தீர்ந்துபோனதால் மருத்துவத்துக்கு நேர்ந்த நன்மைகளில் இதற்கு இணையானது வேறு உண்டா தெரியவில்லை.

பெரியப்பாவுக்கு இதில் வியப்பேதும் இல்லை. தையல் தெரிந்தவர் தைத்திருக்கிறார், அவ்வளவே. அவருக்கு அறியவேண்டியிருந்தது வேறு: பழைய குழாயை வெட்டி எறிந்துவிடுவார்களா? இல்லை. மேலே இடுக்கி போட்டு இரத்தத்தை நிறுத்தி, வீங்கிய பகுதியை நீளவாக்கில் திறந்து, புதுக்குழாயை உள்ளே வைத்து, மேல்முனையும் கீழ்முனையும் பாலிபுரொப்பிலீன் நூலால் சுற்றித் தைத்து, பழைய சுவரையே அதன்மேல் போர்த்தி மூடுவார்கள். "லைனிங் குடுக்குறாங்க" என்றார். அதைவிடச் சரியான சொல்லை நான் எந்தக் கலைச்சொல் அகராதியிலும் பார்த்ததில்லை. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணிதான் எங்கள் வட்டாரம் மருத்துவத்துக்குக் கொடுக்கும் துணி. அது காயத்தின் மேலே போவது. உள்ளே போவதும் துணிதான் என்பது அவருக்கு ஏதோ ஓர் அச்சத்தைத் தணித்துவிட்டது போலிருந்தது.

டிபேக்கியின் கதையில் நான் சொல்லாமல் வைத்திருந்த பகுதி ஒன்று உண்டு. 2005 டிசம்பர் 31 அன்று, தொண்ணூற்றேழு வயதில், அவருக்கே பெருநாடி உள்ளே கிழிந்தது. தாம் வகைப்படுத்திய நோயைத் தம் நெஞ்சில் தாமே அடையாளம் கண்டுகொண்டார். அறுவை வேண்டாம் என்றார். எழுத்திலும் அது பதிந்திருந்தது. 2006 பிப்ரவரியில் நினைவு தவறியதும், மயக்க மருத்துவர்கள் தயங்க, நெறிமுறைக் குழு இரவில் கூடி வாதாட, அவர் மனைவி உள்ளே வந்து இப்போதே செய்யுங்கள் என்று வற்புறுத்த, அவருடைய நெடுநாள் சகாவான ஜார்ஜ் நூன் அறுவை செய்தார். ஏழு மணி நேரம். பல மாதங்கள் மருத்துவமனையில் கிடந்தார். பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவு. ஆனால் எழுந்து நடந்தார், வேலைக்குத் திரும்பினார், தம்மைக் காப்பாற்றியதில் மகிழ்ச்சி என்றும் சொன்னார். 2008 ஜூலையில், நூறு நிறைய இரண்டு மாதம் இருக்கையில், காலமானார்.

எதிர்ப்பக்கத்தில் ஐன்ஸ்டீன். 1948 டிசம்பரில் அவர் வயிற்றுப் பெருநாடியின் வீக்கத்தை ருடால்ஃப் நிசன் செல்லோஃபேன் தாளால் சுற்றிவைத்தார். அன்று இருந்த வழி அதுதான். ஏழு ஆண்டுக்குக் குறையாத காலத்தை அது தந்தது என்று சொல்லமுடியாவிட்டாலும் ஆறு ஆண்டுகளைக் கடத்திவிட்டது. 1955 ஏப்ரலில் கசியத் தொடங்கியபோது, குழாயை மாற்றித் தைக்கும் முறை பாரிஸில் 1951லேயே வந்துவிட்டிருந்தது. ஐன்ஸ்டீன் மறுத்துவிட்டார். செயற்கையாக ஆயுளை நீட்டுவது அவருக்கு ரசக்குறைவாகப் பட்டது. கண்ணாடியையும் எழுதிக்கொண்டிருந்த தாள்களையும் வரவழைத்துக்கொண்டார். ஏப்ரல் 18 அதிகாலையில் ஜெர்மனில் ஏதோ சொல்லி இறந்தார். அருகிலிருந்த செவிலிக்கு ஜெர்மன் தெரியாது.

ஐன்ஸ்டீனின் மறுப்பை அழகு என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு டிபேக்கியின் கதைதான் கலக்கம் தருகிறது. வேண்டாம் என்று சொன்னவரும் அவரே, பிழைத்தபின் நல்லதாயிற்று என்றவரும் அவரே. இவர்களில் யாருடைய சொல்லுக்கு வீட்டார் கட்டுப்படவேண்டும்?

இந்தியாவில் இதற்கு இப்போது ஒரு சட்டவழி உண்டு. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் முன்கூட்டிய விருப்ப ஆவணத்தை ஏற்றது. அதற்கு நீதித்துறை நடுவரின் கையொப்பம் வேண்டும் என்ற நடைமுறை யாராலும் பின்பற்ற இயலாததாக இருந்ததால், 2023 ஜனவரியில் தளர்த்தினார்கள்: இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி போதும். இதையெல்லாம் பெரியம்மா இருக்கும்போது பேசமுடியாது. டிபேக்கியின் மனைவியை நான் கண்டதில்லை. ஆனால் பெரியம்மா அவர் இடத்தில் இருந்தால் என்ன செய்வார் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் பெரியப்பாவிடம் டிபேக்கியின் மீதிக் கதையையும் இந்தச் சட்டத்தையும் சொன்னேன். முழுவதையும் கேட்டார். பிறகு அளவு நோட்டை எடுத்து, மார்பு, இடுப்பு, தோள் எழுதும் அதே பக்கத்தில், அதே நீலப் பென்சிலால் எழுதினார். அறுவைக்குச் சம்மதம். ஆனால் முடிந்தபின் தன்னினைவு திரும்ப வழியில்லை என்று டாக்டர் சொன்னால் எந்திரத்தில் போட்டு வைக்கவேண்டாம். பெரியம்மாவைக் கேட்கவேண்டாம், மகனைக் கேட்கவும். கீழே கையெழுத்திட்டு, தேதி போட்டு, "இத முறையா டைப் அடிச்சுக் கொண்டாய்யா" என்று கிழித்துக் கொடுத்தார். ராஜபாளையத்தில் நோட்டரி பார்த்தாயிற்று. சாட்சிகள் இருவரும் அவருடைய பழைய வாடிக்கைக்காரர்கள்.

பீடியை விட்டு ஐந்து வாரம் ஆகிறது. இதயத்துக்கும் நுரையீரலுக்குமான சோதனைகள் முடிந்தன. பாரம் தூக்கக்கூடாது, மூச்சைப் பிடித்து எதுவும் செய்யக்கூடாது என்று உத்தரவு. தையலும் கூடாதா என்று கேட்டதற்கு மருத்துவர் சிரித்து, மெதுவாகச் செய்யுங்கள் என்றாராம். மிதிப்பதை நிறுத்தி இயந்திரத்துக்கு மோட்டார் மாட்டியிருக்கிறார். பதினொரு சட்டைகள் கொடுக்கவேண்டியது பாக்கி இருக்கிறது; காஜா மட்டும் ஆகவேண்டியவை நான்கு. அவற்றை முடித்துவிட்டுத்தான் மதுரைக்கு வண்டி ஏறுவாராம்.